ஸ்விங் ஆர்மின் சாய்வை அளந்துவிட்டு, அப்புறம் ஸ்பனரை எடுங்கள்

யமஹா ஆர்15 மாதிரி ஒரு பைக் வைத்திருக்கிற பெடியள் எல்லாரும் ஒருநாள் செய்கிற வேலை ஒன்று இருக்கிறது: பின்பக்கத்தைத் தூக்குவது. நானும் செய்தேன். வேறொரு பைக்கின் பின் சொக் (சில்லின் அதிர்வை விழுங்குகிற ஸ்பிரிங் தண்டு), என்னுடையதைவிட 12 மில்லிமீற்றர் நீளம், கழற்றிப் பூட்ட ஒரு பின்னேரம் போனது. வாலைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் நின்றபோது பார்க்க வடிவாகத்தான் இருந்தது. அடுத்த நாள் பரந்தனிலிருந்து ஆனையிறவுப் பக்கம் போகிறேன், சோளகம் இடப்பக்கமாக அடிக்கிறது, தாரில் ஒட்டுப்போட்ட இடம் ஒன்றில் முன் சில்லு ஏறி இறங்கியதும் ஹாண்டில் இரண்டு பக்கமும் படபடவென்று உதறத் தொடங்கியது. இறுக்கிப் பிடித்தால் கூடும் என்று எங்கேயோ கேட்டது நினைவுக்கு வந்து பிடியைத் தளர்த்தினேன், நின்றது. உப்பளத்துக்குக் கிட்ட ஓரம்கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். கை நடுக்கம் போக அவ்வளவு நேரம் எடுத்தது.

அந்த 12 மில்லிமீற்றர் என்ன செய்தது என்று பிறகு இருந்து கணக்குப் பார்த்தேன். இந்த வகைப் பைக்குகளில் பின் சொக் 1 மில்லிமீற்றர் அசைந்தால் சில்லு கிட்டத்தட்ட 2 மில்லிமீற்றர் அசையும். ஆக, பின்பக்கம் ஏறக்குறைய 25 மில்லிமீற்றர் உயர்ந்திருக்கிறது. ஆர்15 இன் மூன்றாவது பதிப்பான வி3 இன் இரண்டு அச்சுகளுக்கும் இடையிலான தூரம் 1325 மில்லிமீற்றர். 25 ஐ 1325 ஆல் பிரித்துப் பாகைக்கு மாற்றினால் ஒரு பாகைக்குச் சற்று மேலே வரும். முழு பைக்கும் அவ்வளவு முன்னுக்குச் சாய்ந்துவிட்டது, முன் சில்லைத் தாங்குகிற போர்க்கும் அவ்வளவு செங்குத்தாகிவிட்டது. அந்தப் பைக்கில் கொம்பனி கொடுக்கிற ட்ரெயில் 88 மில்லிமீற்றர். அதாவது ஹாண்டில் திரும்புகிற அச்சுக்கோடு நிலத்தைத் தொடுகிற இடத்துக்கும் முன் ரயர் நிலத்தைத் தொடுகிற இடத்துக்கும் உள்ள தூரம். நான் அதில் சுமார் 6 மில்லிமீற்றரைத் தின்றுவிட்டேன். முன் சில்லு தானாக நேருக்கு வரவேண்டும் என்ற குணத்தைக் கொடுப்பதே இந்த ட்ரெயில்தான்.

ஆனால் அது பாதிக் கதைதான். எல்லாரும் முன்பக்கத்தைப் பற்றியே கதைப்பார்கள். அதே 25 மில்லிமீற்றர் ஸ்விங் ஆர்மின், அதாவது பின் சில்லைப் பிரேமோடு பிடித்திருக்கிற கையின், சாய்வையும் சுமார் ஒன்றரைப் பாகை கூட்டிவிட்டது என்பதை யாரும் சொல்வதில்லை. கிரவல் ஒழுங்கையில் அக்சிலேற்றரைத் திறந்தவுடன் பின் சில்லு துள்ளியதற்குக் காரணம் அதுதான் என்று எனக்கு விளங்க இன்னும் இரண்டு கிழமை எடுத்தது.

ஸ்விங் ஆர்ம் ஏன் சாய்ந்திருக்கிறது

பைக்கைப் பக்கத்திலிருந்து பாருங்கள். ஆர்ம் பிரேமில் பூட்டப்பட்டிருக்கிற இடம், அதாவது பிவட், பின் அச்சைவிட உயரத்தில் இருக்கும். அங்கிருந்து ஆர்ம் பின்னோக்கிக் கீழே இறங்கும். சும்மா அழகுக்காக யாரும் அப்படிச் செய்யவில்லை. அக்சிலேற்றரை முறுக்கும்போது பாரம் பின்னுக்குப் போகும், பின் ஸ்பிரிங் அமரப் பார்க்கும். அதே நேரம் பின் ரயர் தரையைப் பின்னுக்குத் தள்ள, தரை ரயரை முன்னுக்குத் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் ஆர்ம் வழியாகத்தான் பிரேமுக்குப் போகவேண்டும். ஆர்ம் சாய்ந்திருப்பதால் அதில் ஒரு பங்கு பிவட்டை மேலே தூக்குகிறது. ஒரு தடியைச் சுவரில் சாய்த்து வைத்து அடியை உதைத்தால் மேல் நுனி ஏறுமல்லவா, அதே விசயம். செயினின் மேல் பக்கமும் இழுபடுகிறது, அந்த இழுவையும் சேர்ந்து அமர்வதைத் தடுக்கிறது.

அமரப் பார்க்கிற பாரமும் தூக்கப் பார்க்கிற இந்த விசையும் கிட்டத்தட்டச் சமனாக இருந்தால், முறுக்கும்போது பின்பக்கம் பெரிதாக அசையாது. சஸ்பென்சன் தன் வேலையை, அதாவது பள்ளம் திட்டியை விழுங்குகிற வேலையைப் பார்க்கும். சாய்வு குறைந்தால் முறுக்கும்போது வால் அமரும், மூக்கு நிமிரும், முன் ரயரில் பாரம் குறையும், வளைவிலிருந்து வெளியே வரும்போது பைக் நீங்கள் நினைத்த கோட்டைவிட்டு வெளிப்பக்கமாக ஓடும். சாய்வு கூடினால் முறுக்கும்போது வால் எழும்பும், பின் சஸ்பென்சன் கட்டை மாதிரி இறுகும், சின்னச் சின்னத் திட்டிகளில் ரயர் தரையைப் பிடிக்காமல் துள்ளும், கிரவலில் சுற்றும்.

இதில் ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். 150, 155 சிசி பைக்கில் இருபது குதிரைவலுகூட இல்லை. ஆறாவது கியரில் ஏ9 வீதியில் போகும்போது செயின் இழுவை மிகவும் கொஞ்சம், அங்கே இந்தக் கணக்கெல்லாம் பெரிதாகத் தெரியாது. முதலாம் இரண்டாம் கியரில் செயின் இழுவை பல மடங்கு கூடும். சந்தியில் திரும்பி முறுக்கும்போது, கிரவலில், பாரம் ஏற்றிக்கொண்டு போகும்போது, அங்கேதான் தெரியும். வன்னியில் வளைவு எங்கே இருக்கிறது என்று சிரிக்கிறவர்களுக்கும் இதுதான் பதில்: எங்களிடம் வளைவு குறைவு, சந்தியும் மதகும் கிரவலும் தாராளம்.

அளப்பது எப்படி

சாதாரண தரத்தில் படித்த சைன் போதும். அளவு நாடா ஒன்று, சோக்கட்டி ஒன்று, ஒரு கூட்டாளி. நிலம் மட்டமாக இருக்கவேண்டும், சீமெந்துத் தரை நல்லது. மண் முற்றத்தில் அளந்தால் சில்லு புதைகிற அளவே பிழை வந்துவிடும்.

ரயர்களில் காற்றைச் சரியாக அடித்துவிட்டுத் தொடங்குங்கள். முதலில் பிவட் போல்ட்டின் மையத்திலிருந்து பின் அச்சின் மையம் வரை ஆர்ம் வழியே நேராக அளந்து எழுதுங்கள். இது ஆர்மின் நீளம். இப்போது பைக்கை ஸ்டாண்டில் போடாமல் நேராக நிறுத்தி, கூட்டாளி முன்னுக்கு நின்று பிடிக்கட்டும். தரையிலிருந்து பிவட் மையம் எவ்வளவு உயரம், தரையிலிருந்து பின் அச்சு மையம் எவ்வளவு உயரம், இரண்டையும் எழுதுங்கள். பிறகு நீங்கள் ஓடுகிற உடுப்போடு, ஹெல்மெட்டோடு, சப்பாத்தோடு ஏறி இருங்கள். இரண்டு தரம் குதித்து அமர்ந்து சொக்கை அதன் இடத்துக்கு வரவிட்டு, கூட்டாளியைத் திரும்ப அளக்கச் சொல்லுங்கள். இந்த இரண்டாவது அளவுதான் முக்கியம். முதலாவதை மட்டும் அளந்துவிட்டு வருகிற ஆட்களே கூட. ஆள் இல்லாத பைக்கை யார் ஓட்டப்போகிறார்கள்?

உதாரணத்துக்கு ஆர்ம் 550 மில்லிமீற்றர் என்று வைப்போம். ஆள் இல்லாமல் பிவட் 395, அச்சு 295, வித்தியாசம் 100. 100 ஐ 550 ஆல் பிரித்து போன் கல்குலேற்றரில் சைனின் நேர்மாறைப் போட்டால் 10.5 பாகை வரும். ஆள் ஏறியதும் வித்தியாசம் 70 ஆனால் 7.3 பாகை. கல்குலேற்றர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இந்த நீள ஆர்மில் 10 மில்லிமீற்றர் என்றால் கிட்டத்தட்ட ஒரு பாகை என்று மனதில் வைத்தால் போதும்.

சரி, அதே பைக்கில் தம்பி ஒருவனைப் பின்னுக்கு ஏற்றி, அவன் மடியில் 25 கிலோ அரிசி மூட்டையையும் கொடுத்து அளந்து பாருங்கள். வித்தியாசம் 40 க்கு வந்துவிட்டால் ஆர்ம் 4 பாகைதான், ஏறக்குறையப் படுத்துவிட்டது. சந்தையால் வரும்போது பைக் ஏன் ஹாண்டிலே இல்லாத மாதிரி மிதக்கிறது, ஏன் ஒழுங்கை திரும்பும்போது எதிர்ப்பக்க வேலியை நோக்கிப் போகிறது என்று கேட்கிறவர்களுக்கு விடை அந்த 40 இல் இருக்கிறது. பிழை பைக்கிலும் இல்லை, தம்பியிலும் இல்லை.

லீற்றர் அளவு, அதாவது 1000 சிசி, போட்டிப் பைக்குகளில் ஆள் ஏறாத நிலையில் 10 பாகைக்கும் 13 பாகைக்கும் இடையில் பரவலாகக் காணலாம். எங்கள் சின்னப் பைக்குகளை அந்த எண்ணுக்கு இழுக்கத் தேவையில்லை. கொம்பனி விட்டபடி உங்கள் பைக் எத்தனை என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் உங்களுடைய வீடு. எங்கே போனாலும் திரும்பி வரத் தெரியவேண்டும்.

இன்னும் ஆழமாகப் பார்க்க விரும்பினால் ஒரு போட்டோ எடுங்கள். பைக்கைவிட்டு ஐந்தாறு மீற்றர் தள்ளி, போனை அச்சின் உயரத்தில் பிடித்து, சூம் செய்து, சரி பக்கவாட்டில். கிட்ட நின்று எடுத்தால் கோணம் பொய் சொல்லும். போட்டோவில் பிவட் மையத்தையும் அச்சு மையத்தையும் சேர்த்து ஒரு கோடு, முன்னுக்கு நீட்டிவிடுங்கள். செயினின் மேல் பக்கம் வழியே இன்னொரு கோடு, அதையும் முன்னுக்கு நீட்டுங்கள். இரண்டும் எங்கோ வெட்டும். பின் ரயர் தரையைத் தொடுகிற புள்ளியிலிருந்து அந்த வெட்டுப் புள்ளிக்கு ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோடு எவ்வளவு செங்குத்தோ அவ்வளவுக்கு வால் அமர்வது தடுக்கப்படும். உயர்தரத்தில் பௌதிகம் செய்தவர்களுக்கு இது விசை முக்கோணம் மாதிரி உடனே பிடிபடும். மற்றவர்கள் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு போட்டோவை ஒப்பிட்டால் போதும்.

எதைத் தொட்டால் எது அசையும்

முதலில் தொடவேண்டியது காசு செலவாகாத ஒன்று, சொக்கில் உள்ள ஸ்பிரிங் வளையம். அதை இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகும் என்றுதான் கராஜ்களில்கூடச் சொல்வார்கள். இல்லை. ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்தான். பைக் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதுதான் மாறுகிறது, அதோடு ஆர்மின் சாய்வும். பின் சில்லைத் தரையிலிருந்து தூக்கி, அச்சிலிருந்து நேர் மேலே வாலில் ஒரு சோக் அடையாளம் வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு ஏறி இருந்து அதே இடத்தை அளங்கள். வித்தியாசம் பின் சில்லின் முழு அசைவில் நான்கில் ஒன்றுக்கும் மூன்றில் ஒன்றுக்கும் இடையில் இருக்கவேண்டும், ஸ்போர்ட்ஸ் பைக்குகளில் சாதாரணமாக 30 முதல் 40 மில்லிமீற்றர். அதைவிடக் கூட அமர்ந்தால் வளையத்தை ஒரு படி ஏற்றுங்கள். என்னிடம் வந்த பைக்குகளில் பாதிக்குமேல் இந்த ஒரு படியிலேயே குணமாகிவிட்டன, நீள சொக் தேடி யாழ்ப்பாணம்வரை போகத் தேவைப்படவில்லை.

அப்புறம் அச்சின் இடம். செயின் இறுக்குகிற இடத்தில் அச்சைப் பின்னுக்கு இழுத்தால் பைக் நீளும், முன் சில்லில் பாரம் ஒரு துளி கூடும், நேரே போகும்போது ஆறுதலாக இருக்கும், திருப்பக் கொஞ்சம் சோம்பலாக இருக்கும். முன்னுக்குத் தள்ளினால் மறுவளம். 10 மில்லிமீற்றருக்கே தேர்ந்த ஓட்டுநருக்குத் தெரியும் என்பார்கள், எனக்கு 12 க்குத்தான் தெரிந்தது. 12 என்று ஏன் சொல்கிறேன் என்றால், 428 செயினில் ஒரு கண்ணியின் நீளம் 12.7 மில்லிமீற்றர். செயினை இரண்டு கண்ணி குறைத்தால் அச்சு சரியாக 12.7 முன்னுக்கு வரும். செயின் பழசாகி ஒரு வீதம் நீண்டால் அச்சு 7, 8 மில்லிமீற்றர் பின்னுக்குப் போகும். பைக் புதிதில் இருந்த மாதிரி இல்லை என்று சொல்கிறவர்கள் சிலவேளை உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

ஸ்புரொக்கெட், அதாவது செயின் ஓடுகிற பற்சில்லு. இழுவை கூடட்டும் என்று முன்னுக்கு ஒரு பல் குறைப்பது எங்கள் பக்கம் பெரிய பழக்கம். வி3 இல் முன்னுக்கு 14, பின்னுக்கு 48. 13 போட்டால் இழுவை கிட்டத்தட்ட 8 வீதம் கூடும் என்பது எல்லாருக்கும் தெரியும். கூடவே நடக்கிற இரண்டு விசயத்தைச் சொல்கிறேன். ஒரு பல் குறைய ஸ்புரொக்கெட்டின் ஆரை 2 மில்லிமீற்றர் குறையும், செயினின் முன் நுனி அவ்வளவு தாழும், போட்டோவில் இழுத்த அந்த இரண்டு கோடுகளும் இன்னும் கிட்ட வெட்டும், ஆக வால் எழும்புகிற குணம் கொஞ்சம் கூடும். பின் ஸ்புரொக்கெட்டைப் பெரிதாக்கினாலும் அதே திசைதான். இரண்டாவது, மிஞ்சுகிற செயினை எடுக்க அச்சை 3 மில்லிமீற்றர் பின்னுக்கு இழுக்கவேண்டிவரும். தனித்தனியே எல்லாம் சின்னதுதான். ஏற்கெனவே தூக்கிவைத்த பைக்கில் இதையும் செய்தால் கிரவலில் துள்ளல் இன்னும் கூடும், எனக்கு நடந்தது அதுதான்.

ரயரை மறந்துவிடாதீர்கள். 140/70 என்றால் பக்கச்சுவர் உயரம் 140 இல் 70 வீதம், 98 மில்லிமீற்றர். 130/70 இல் 91. பெரிய ரயர் என்று ஆசைப்பட்டு 150/60 போட்டால் 90 தான். அதாவது அகலமான ரயரைப் போட்டுப் பின்பக்கத்தை 8 மில்லிமீற்றர் தாழ்த்திவிட்டு, பைக் திரும்பவில்லை என்று அழுவது. ரிம் அகலம் போதாமல் ரயர் குவிந்து நிற்பது தனிக் கதை.

கடைசியாகத்தான் நீள சொக். போர்க்கை மேலே தள்ளி மூக்கைத் தாழ்த்துவதும் ட்ரெயிலைக் குறைக்கும், ஆனால் ஆர்மின் சாய்வு பெரிதாக மாறாது. சொக்கை நீட்டினால் இரண்டும் மாறும். இந்த வித்தியாசம் தெரியாமல் இரண்டையும் ஒன்றாகச் செய்துவிட்டு எது எதைக் கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஒரு நேரத்தில் ஒன்று, அதுவும் 5 மில்லிமீற்றர் அளவில். பின் சில்லில் 10 மில்லிமீற்றர் உயர்ந்தாலே போர்க் 0.4 பாகை செங்குத்தாகி, ட்ரெயில் இரண்டரை மில்லிமீற்றர் குறையும். அதுவே காணும்.

போட்டிப் பைக்குகளில் பிவட்டையே மேலே கீழே நகர்த்தலாம். அப்ரிலியா ஆர்.எஸ்.வி.4 இல், டுகாட்டியின் பனிகாலே வி4 ஆர் இல் அதற்கென்றே இடம் விட்டிருக்கிறார்கள். எங்களுக்கு அது இல்லை, தேவையும் இல்லை.

நீட்டலாமா

ஆர்மை வெட்டி இரும்பு வைத்து ஒட்டி நீட்டுகிற ஒரு நாகரிகம் இடையில் வந்தது. தெரிந்த ஒருவர் தன் பைக்கை ஒரு கராஜில் கொடுத்து 100 மில்லிமீற்றர் நீட்டினார். பார்க்கச் சினிமாப் பைக் மாதிரி இருந்தது. ஓடிப்பார்க்கத் தந்தார், மதகில் ஏறி இறங்கியதும் வால் அடியில் போய் இடித்தது. கணக்கு இலகு: 550 ஐ 650 ஆக்கினால் சொக்குக்கு எதிரான நெம்பு நீளுகிறது, ஸ்பிரிங்கின் பலம் சில்லில் அந்த விகிதத்தின் வர்க்கத்தில் குறையும். 550/650 இன் வர்க்கம் 0.72. ஸ்பிரிங்கில் கால்வாசிக்கு மேல் காணாமல் போய்விட்டது. சாய்வும் குறைந்தது. ஒட்டிய இடத்தில் உலோகம் எப்படி இருக்கிறது என்பது கடவுளுக்கே வெளிச்சம், வி2 முதல் வந்த ஆர்15 களில் ஆர்ம் அலுமினியம் என்பதால் அதை ஒழுங்காக ஒட்ட வேறு ஆளும் வேறு மெசினும் வேண்டும். அமெரிக்காவில் நேர்கோட்டுப் போட்டிக்குச் சுசுகியின் பெரிய பைக்கான ஹயபுசாவை நீட்டுகிறார்கள் என்றால், முன் சில்லு எழும்பாமல் இருக்க. எங்கள் பைக்கில் முன் சில்லை எழுப்புவதே பெரும்பாடு.

நீள ஆர்ம் கெட்டது என்று சொல்லவில்லை. 1998 இல் வந்த யமஹா ஆர்1 பெயர் எடுத்ததற்கு ஒரு காரணமே நீள ஆர்ம்தான். கியர்ப் பெட்டியின் தண்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி எஞ்ஜினைக் கட்டையாக்கினார்கள், மிஞ்சிய இடத்தை ஆர்முக்குக் கொடுத்தார்கள், ஆனால் அச்சுகளின் இடைத்தூரம் 1395 ஐத் தாண்டவில்லை. ஆர்ம் நீளமாக இருந்தால் சில்லு ஏறி இறங்கும்போது சாய்வு கொஞ்சமாகத்தான் மாறும், முறுக்கும்போது பைக்கின் குணம் ஒரே மாதிரி இருக்கும். எங்கள் ஆர்15 இலேயே முதல் வி1 இன் இடைத்தூரம் 1290, வி2 க்கு 1345 ஆக்கினார்கள், வி3 இல் 1325 க்குக் குறைத்தார்கள். கொம்பனி இருபது மில்லிமீற்றருக்கு அவ்வளவு யோசிக்கிறது, நாங்கள் நூறை ஒரு பின்னேரத்தில் ஒட்டுகிறோம்.

ஒற்றைக் கை ஆர்ம், அதாவது சில்லை ஒரு பக்கத்தால் மட்டும் பிடிக்கிற ஆர்ம், வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கும் ஒன்று. 1994 இன் டுகாட்டி 916 அழகுதான், மறுப்பில்லை. ஆனால் அந்தக் கொம்பனியே 2025 பனிகாலே வி4 இல் இரட்டைக் கைக்குத் திரும்பிவிட்டது.

செயின், நூல், கிறீஸ்

சாய்வை மாற்றியதும் செயின் ஆட்டத்தைத் திரும்பப் பார்க்கவேண்டும். நான் பார்க்கவில்லை. ஆர்மில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் போட்ட அளவுக்கே இறுக்கினேன். முன் ஸ்புரொக்கெட் மையம், பிவட், பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் ஆக இறுகும். பின்பக்கத்தைத் தூக்கினால் நிற்கும்போது அந்தக் கோட்டிலிருந்து ஆர்ம் இன்னும் தள்ளிப் போய்விடும், ஆகவே நிற்கும்போது ஸ்டிக்கர் அளவு ஆட்டம் இருந்தாலும் பள்ளத்தில் அமரும்போது செயின் கம்பி மாதிரி விறைக்கும். சொக் அமர வழியில்லாமல் முழு அடியும் முன் ஸ்புரொக்கெட் தண்டில் போகும். இரண்டு மாதத்தில் அந்தத் தண்டின் ஒயில் சீல் ஒழுகத் தொடங்கியது. அதனால், இரண்டு பேர் ஏறி அமுக்க, அந்த மூன்று மையமும் நேராக வருகிற இடத்தில் செயினைத் தொட்டுப் பாருங்கள். அங்கே விரலால் அசைக்கக் கொஞ்சமாவது ஆட்டம் இருக்கவேண்டும். பிறகு பைக்கை ஸ்டாண்டில் விட்டு அந்த நிலையில் எவ்வளவு ஆட்டம் என்று அளந்து எழுதிவிடுங்கள், இனி அதுதான் உங்கள் ஸ்டிக்கர்.

அச்சை அசைத்தால் நேர் பிடிக்கவேண்டும். ஆர்மில் இருக்கிற கோடுகளை நான் நம்புவதில்லை. மேசன்மார் பிடிக்கிற மாதிரி நூல் பிடியுங்கள். நீள நூலைப் பின் ரயரின் பின்பக்கமாகச் சுற்றி, இரண்டு நுனியையும் இரண்டு பக்கத்தால் முன் சில்லுக்கு அப்பால் கொண்டுபோய், தரையிலிருந்து ஒரே உயரத்தில், இரண்டு கல்லில் கட்டி இழுங்கள். நூல் பின் ரயரின் முன் விளிம்பையும் பின் விளிம்பையும் மட்டுமட்டாகத் தொடும்வரை கல்லை அசையுங்கள். முன் ரயர் ஒடுக்கம், ஆகவே இரண்டு பக்கமும் இடைவெளி இருக்கும், அது சமனாக இருக்கவேண்டும். ஒரு பக்கம் 6, மறுபக்கம் 2 என்றால் பின் சில்லு கோணல், செயின் இறுக்கியில் ஒரு பக்கத்தைக் கால் சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பப் பாருங்கள்.

பிவட்டுக்கு வருவோம். பின் சில்லைத் தூக்கி, ஆர்மின் நுனியைப் பிடித்து இடம் வலம் ஆட்டுங்கள். டொக் என்று ஒரு சின்ன ஆட்டம் கையில் தெரிந்தாலே புஷ் அல்லது பெயறிங் முடிந்துவிட்டது, அதை வைத்துக்கொண்டு சாய்வு அளப்பதில் பிரயோசனம் இல்லை. கோடையில் செம்புழுதி, மாரியில் முழங்கால் தண்ணி, இரண்டும் பிவட்டுக்குள்தான் போய் இருக்கும். நான் மாரிக்கு முன் ஒருதரம், தண்ணி வடிந்தபின் ஒருதரம் கழற்றிக் கிறீஸ் வைக்கிறேன். நட்டைக் கைக்கணக்கில் முறுக்காமல், பைக்கோடு வந்த கைநூலில் போட்ட முறுக்கு அளவுக்கு இறுக்குங்கள்.

ஓடிப் பார்ப்பது

எனக்கு வசதியான துண்டு கிளிநொச்சியிலிருந்து முறிகண்டி. எப்படியும் பிள்ளையாருக்கு நிறுத்தத்தான் போகிறோம், கச்சான் கொறிக்கிற நேரத்தில் சொக் ஆறும், மனதில் பட்டதைப் போனில் எழுதலாம். ஆனால் நேர் வீதியில் மட்டும் ஓடிவிட்டு முடிவெடுக்காதீர்கள். ஏதாவது கிரவல் கிளை வீதியில் இரண்டாம் கியரில் மெதுவாகப் போய், ஒரே அளவாக முறுக்கிப் பாருங்கள். பின் சில்லு படபடத்துத் துள்ளினால் சாய்வு கூட, அல்லது செயின் இறுக்கம். வால் அமர்ந்து ஹாண்டில் லேசானால் சாய்வு குறைவு, முதலில் ஸ்பிரிங் வளையத்தைப் பாருங்கள். முறுக்கும்போது நல்லாக இருந்து, கை எடுத்ததும் துள்ளினால் அது ஆர்மின் கணக்கே இல்லை, சொக்கின் எண்ணெய் போயிருக்கலாம். சந்தி ஒன்றில் ஆட்கள் இல்லாத நேரம் திரும்பி வெளியே வரும்போது கோடு பிடிக்கிறதா என்றும் பாருங்கள். ஒரே சந்தி, ஒரே கியர், ஒரே ஆள், மூட்டை இல்லாமல்.

இன்னும் ஒன்று, நான் தூக்கிய பைக்கை இறக்கும்வரை எனக்கே உறைக்காதது. பின்பக்கம் ஒரு பாகை எழும்பினால் முன் லைற் ஒரு பாகை தாழும். 30 மீற்றரில் ஒளி விழுகிற இடம் அரை மீற்றர் கீழே வந்துவிடும். மாங்குளத்துக்கும் புளியங்குளத்துக்கும் இடையில் இரவில் கறுத்த மாடு நடு வீதியில் படுத்திருப்பதைக் கண்டவர்களுக்கு அந்த அரை மீற்றரின் பெறுமதி தெரியும். லைற்றுக்குப் பின்னால் ஒரு திருகாணி இருக்கிறது, வீட்டுச் சுவரில் பழைய உயரத்தைச் சோக்கால் கீறிவைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.